ஜிப் செய்தால் எது சுருங்கும், எது சுருங்காது?

கோப்புகளைச் சுருக்கி ஒரே கோப்பாகக் கட்டுவதுதான் ஜிப். கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலைகளுக்குக் காய் வரத் தொடங்கினால் கொள்முதல் கணக்கும் நாளுக்கு நாள் நீளும். தேதி, ஊர், ரகம், எடை, விலை என்று வரி வரியாகப் பதிவாகும். ஊர் என்ற இடத்தில் காவேரிப்பட்டணம், போச்சம்பள்ளி, பர்கூர் ஆகியவையே மாறி மாறி வரும். ரகம் என்ற இடத்தில் பெரும்பாலும் பெங்களூராதான். ஒரே சொல் இப்படித் திரும்பத் திரும்ப வரும் கோப்புதான் மிக நன்றாகச் சுருங்கும்.

கணினியில் எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட் இடம் வேண்டும். புள்ளி, கால், கொம்பு எல்லாமே தனித்தனிக் குறிகள். அப்படி எண்ணினால் 'காவேரிப்பட்டணம்' என்பதில் 15 குறிகள், அதாவது 45 பைட். 10,000 வரிகளில் அந்த ஊர் வந்தால் பெயருக்கு மட்டுமே 4,50,000 பைட் போய்விடும்.

ஜிப் மென்பொருள் அந்தப் பெயரை முதல் முறை மட்டும் முழுதாக எழுதும். அடுத்த முறை வரும்போது, 'இத்தனை பைட் பின்னால் போ, அங்கிருந்து 45 பைட் எடு' என்ற குறிப்பை மட்டும் வைக்கும். அந்தக் குறிப்புக்கு ஏறக்குறைய 2 அல்லது 3 பைட் போதும். 1977இல் ஆபிரகாம் லெம்பலும் ஜேக்கப் ஜிவும் வெளியிட்ட வழி இது. வழக்கமான ஜிப் 32 கிலோபைட் தூரம் வரைதான் பின்னால் பார்க்கும். செவன்-ஜிப் என்ற இலவச மென்பொருளின் சொந்த வடிவமான 7இசட் அதைவிடப் பல மடங்கு தூரம் பார்ப்பதால் பெரிய கோப்புகளை இன்னும் சுருக்கும். இதன்மேல் ஹஃப்மன் 1952இல் தந்த முறையும் சேர்கிறது: அடிக்கடி வருவதற்குக் குறைந்த பிட் (8 பிட் சேர்ந்தது ஒரு பைட்), அரிதாக வருவதற்குக் கூடுதல் பிட். தமிழுக்கு இதில் ஒரு தனி லாபம் உண்டு. எல்லாத் தமிழ்க் குறிகளுக்கும் முதல் பைட் ஒன்றே, இரண்டாவது பைட்டும் இரண்டே வகை. ஆகவே ஒரு குறிக்கு 3 பைட் என்று நாம் கூடுதலாகக் கொடுக்கும் இடத்தில் பெரும்பகுதி சுருக்கும்போது திரும்பக் கிடைத்துவிடும்.

ஆனால் அதே கணக்கு எக்ஸெல்லின் எக்ஸ்எல்எஸ்எக்ஸ் கோப்பாக இருந்தால் ஜிப் செய்தும் அளவு குறையாது, ஏனென்றால் அதுவே உள்ளுக்குள் ஒரு ஜிப்தான். செல்போன் படம், வீடியோ, பாட்டு ஆகியவையும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை.

ஸ்கேன் செய்த பட்டா, சிட்டா பிடிஎஃப்பும் அப்படித்தான். அங்கே ஸ்கேனரின் அமைப்பை மாற்றுவதே வழி. ஏ4 தாளை 300 டிபிஐயில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) கலராக எடுத்தால் சுருக்குவதற்கு முன் சுமார் 26 மெகாபைட். 200 டிபிஐயில் சாம்பல் நிறமாக எடுத்தால் 4 மெகாபைட்டுக்கும் கீழே. எழுத்து மட்டுமே உள்ள தாளுக்கு 200 போதும்.

அளவு குறையாத போதும் ஜிப்பால் பயன் உண்டு. நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளைப் பென்டிரைவில் ஏற்றினால், ஒவ்வொன்றுக்கும் பெயரும் இருப்பிடமும் தனித்தனியே பதிய வேண்டியிருப்பதால் வேகம் விழும். இடமும் வீணாகும்: 32 கிலோபைட் துண்டுகளாகப் பிரித்த பென்டிரைவில் 2 கிலோபைட் கோப்பும் 32 கிலோபைட் இடத்தைப் பிடிக்கும். ஒரே ஜிப்பாக்கி ஏற்றினால் இரண்டுமே தீரும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பும் போட்டோ தரம் குறைந்தே போய்ச் சேரும். ஜிப்புக்குள் வைத்து அனுப்பினால் ஒரு பைட்கூட மாறாது.

ஜிப்பின் உள்ளடக்கப் பட்டியல் கோப்பின் கடைசியில் இருக்கிறது. சிக்னல் போய் டவுன்லோடு 95 சதவீதத்தில் நின்றாலும் திறக்காது என்பதற்கு இதுவே காரணம். மறுபடி முழுதாக இறக்குங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் சிஆர்சி-32 என்ற சரிபார்ப்பு எண் உள்ளே இருக்கும். செவன்-ஜிப்பில் 'டெஸ்ட்' கொடுத்தால் பழுதைக் காட்டிவிடும். மூலக் கோப்புகளை அழிக்கும் முன் இதைக் கட்டாயம் செய்ய வேண்டும். ஜிப்பைப் பிரிக்காமல் உள்ளேயே கோப்பைத் திறந்து திருத்தினால், அது தற்காலிக நகலில்தான் சேமிக்கப்படும். திருத்தியது பல நேரம் காணாமல் போகும். முதலில் 'எக்ஸ்ட்ராக்ட் ஆல்' கொடுத்துவிட்டுத் திருத்துங்கள்.

ஆதார் நகல், வங்கிப் புத்தகம் போன்றவற்றுக்குக் கடவுச்சொல் போடுவதானால், பழைய ஜிப் பூட்டு பலவீனமானது, ஏஇஎஸ்-256 என்ற வலுவான பூட்டைத் தேர்ந்தெடுங்கள். அப்போதும் ஜிப்பில் கோப்புப் பெயர்கள் வெளியே தெரியும். பெயரையும் மறைக்க செவன்-ஜிப்பின் 7இசட் வடிவில் 'என்கிரிப்ட் ஃபைல் நேம்ஸ்' என்பதை டிக் செய்ய வேண்டும். கடவுச்சொல்லை அதே மெயிலில் எழுதி அனுப்பாமல் போனில் சொல்லுங்கள்.