கீ சிக்னேச்சர்: சுரத்தொகுதிக் குறி

மேற்கத்திய இசைத்தாளில் ஒவ்வொரு வரியின் தொடக்கத்திலும், கிளெஃப்பை (எந்தக் கோட்டில் எந்தச் சுரம் என்று காட்டும் குறி) அடுத்து நிற்கும் ஷார்ப் (சுரத்தை அரைச்சுரம் உயர்த்துவது) அல்லது ஃப்ளாட் (அரைச்சுரம் தாழ்த்துவது) குறிகளே கீ சிக்னேச்சர். தாளத்தைக் காட்டும் டைம் சிக்னேச்சர் முதல் வரியோடு நின்றுவிடும்; இது வரிதோறும் வரும்.

இலத்தீனில் ‘கிளாவிஸ்’ என்றால் சாவி. இடைக்கால ஐரோப்பாவில் சுரங்களைக் குறித்த எழுத்துகளையும் அப்படி அழைத்தார்கள். இசையில் ‘கீ’ வந்தது அந்த வழியில்தான். ‘கிளெஃப்’புக்கும் அதே வேர். ‘சிக்னேச்சர்’ இங்கே கையொப்பம் அல்ல, வெறும் குறி.

தமிழில் ‘சுருதிக் குறி’ என்று எழுதத் தோன்றும். சரிவராது. சுருதியோ கட்டையோ சொல்வது ஸ எங்கே என்பதை. இந்தக் குறி சொல்வது எந்த ஏழு சுரங்கள் என்பதை மட்டுமே. மேற்கத்திய இசையில் சுரங்களுக்கு ஏ முதல் ஜி வரையிலான எழுத்துகளே பெயர்; மேஜர் என்பது சங்கராபரண ராகம் போன்ற சுரவரிசை, மைனர் நடபைரவி போன்றது. ஒரு ஷார்ப் இருந்தால் ஜி மேஜராகவும் இருக்கலாம், இ மைனராகவும் இருக்கலாம்: சங்கராபரணத்தின் த-வை ஸ ஆக்கினால் நடபைரவி கிடைக்கும் அதே கிரகபேதம். அதனால் ‘சுரத்தொகுதிக் குறி’ என்பதே பொருந்தும்.

ஷார்ப்கள் எப்போதும் எஃப், சி, ஜி, டி, ஏ, இ, பி என்ற வரிசையில்தான் சேரும். ஃப்ளாட்கள் அப்படியே தலைகீழாக. மூன்று ஷார்ப் என்றால் கடைசி ஜி ஷார்ப். அதற்கு அரைச்சுரம் மேலே ஏ, ஆக ஏ மேஜர். ஃப்ளாட்களில் கடைசிக்கு முந்தையதே மேஜரின் பெயர்: பி, இ, ஏ மூன்றும் இருந்தால் இ ஃப்ளாட் மேஜர். ஒரே ஃப்ளாட்டுக்கு முந்தையது கிடையாது. அது எஃப் மேஜர் என்று மனப்பாடம் செய்துவிடுங்கள். எதுவுமே இல்லாவிட்டால் சி மேஜர்.

மேஜரிலிருந்து மூன்று அரைச்சுரம் இறங்கினால் அதன் மைனர். இரண்டில் எது என்று குறி காட்டாது. பாட்டு முடியும் சுரத்தைப் பாருங்கள். மூன்று ஷார்ப் தாளில் இ ஷார்ப் அடிக்கடி தலைகாட்டினால் பெரும்பாலும் எஃப் ஷார்ப் மைனர்தான்: கீரவாணி போல நிஷாதத்தை உயர்த்துவதால் வருவது அது, தொடக்கக் குறியில் சேராது.

புதிதாகப் படிப்பவர் இடறும் இடம் இன்னொன்று. மேல் சுரங்களுக்கான ட்ரெபிள் கிளெஃப்பில் முதல் ஷார்ப்பான எஃப் மேல்கோட்டில் நிற்கும். கீழ் இடைவெளியிலுள்ள எஃப்பை ஷார்ப் இல்லாமல் அப்படியே வாசித்துவிடுவார்கள். தொடக்கக் குறி எல்லா ஸ்தாயிக்கும் செல்லும். நடுவில் வரும் தனி ஷார்ப், ஃப்ளாட், நேச்சுரலோ (ஷார்ப், ஃப்ளாட்டை நீக்கும் குறி) அந்த பாரில் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி), அதே ஸ்தாயிக்கு மட்டும். பார் கோடு தாண்டியதும் பழைய குறியே மீண்டும் செல்லும்.