ஸ்போர்ட்ஸ் காடி வாங்கப் போகும் தம்பிகளுக்கு, பட்டறையிலிருந்து

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பட்டறையை மூடும் நேரத்தில் ஒரு வெள்ளை நிற நிஸான் ஃபேர்லேடி ஸ்போர்ட்ஸ் காடி வந்து நின்றது. 350ஸெட். வாசலில் கால்வாய்க்கு மேல் போட்டிருக்கும் இரும்புத் தகட்டில் ஏறும்போது முன் பம்பரின் அடிப்பாகம் கிறீச்சென்று உரசியது. உள்ளே இருந்த தம்பியின் முகம் சுருங்கியதைக் கண்ணாடி வழியாகவே பார்த்தேன். காடி வாங்கி ஐந்து வாரம்தான் ஆகிறது. "சும்மா சர்வீஸ் மட்டும் பாருங்கண்ணே" என்றான்.

நான் குனிந்து டயரைப் பார்த்தேன். வரிகள் ஆழமாக, புதிது போலவே இருந்தன. பக்கவாட்டில் நான்கு எண்கள்: 2315. அதாவது 2015-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். விரல் நகத்தால் அழுத்தினால் மரக்கட்டை மாதிரி இருந்தது. காடி அதிகம் ஓடவில்லை என்று விற்றவர் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ரப்பருக்கு ஓடினால்தான் வயதாகும் என்பதில்லை. நம் ஊர் வெயிலில் சும்மா நின்றாலே இறுகிவிடும். நடிகர் பால் வாக்கர் 2013 நவம்பர் 30-ஆம் தேதி பயணியாகப் போய் இறந்தாரே, அந்த போர்ஷே கரேரா ஜிடி விபத்துக்கு வேகம்தான் காரணம் என்று விசாரணை சொன்னது. அதே அறிக்கை, டயர்கள் ஒன்பது ஆண்டுக்கும் மேல் பழையவை என்றும் குறிப்பிட்டது. தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் பேசவில்லை. நான்கு டயரும் மாற்ற வேண்டும். முன்னால் ஓர் அளவு, பின்னால் வேறு அளவு என்பதால் மைவி போன்ற சின்னக் காடிக்குச் செய்வதுபோல் முன்பின் மாற்றிப் போட்டு ஆயுளைக் கூட்டவும் முடியாது.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட்டில் 26 ஆண்டுகளாகப் பட்டறை வைத்திருக்கிறேன். வருவதில் பெரும்பாலானவை சாகா, மைவி, செம்பனைக் குலை ஏற்றும் லாரி, கப்சாய் என்னும் சின்ன மோட்டார் சைக்கிள். ஆனால் இந்த ஏழெட்டு ஆண்டாக ரீகண்ட் ஸ்போர்ட்ஸ் காடிகள், அதாவது ஜப்பானில் ஓடிப் பழசாகி இங்கே இறக்குமதியானவை, அடிக்கடி வருகின்றன. ஓட்டி வருபவர்கள் எல்லாரும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். பினாங்குத் தொழிற்சாலையில், சிங்கப்பூரில், கோலாலம்பூரில் உழைத்துச் சம்பாதித்தவர்கள். அந்த ஆசையை நான் குறை சொல்ல மாட்டேன். என் அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். துரையின் காடி செம்மண் புழுதியைக் கிளப்பிக்கொண்டு எங்கள் லயத்து வீடுகளைத் தாண்டும்போது பின்னாலேயே ஓடிய பையன்களில் நானும் ஒருவன். சைக்கிளில் வேலைக்குப் போன தாத்தாவின் பேரன், ஆறு சிலிண்டர் காடியைக் கோயில் திருவிழாவுக்கு ஓட்டி வந்து நிறுத்துகிறான் என்றால் அதில் இருக்கும் பெருமை பொய்யில்லை. அந்த இஞ்சின் ஆறாயிரம் சுற்றைத் தொடும்போது வரும் சத்தத்துக்கு எனக்கே இன்றும் மயிர்க்கூச்செறியும்.

ஆனால் வாங்க வருபவர்கள் ஒரு விஷயத்தைக் கவனிப்பதில்லை. வயதாக வயதாகக் காடியின் விலை இறங்கும், செலவு இறங்காது. புதிதில் மூன்று லட்சம் வெள்ளி (ரிங்கிட்) விற்ற காடியை நீங்கள் அறுபதாயிரத்துக்கு வாங்கலாம். உதிரிப் பாகம் விற்பவர் உங்களிடம் கேட்பது மூன்று லட்சம் வெள்ளிக் காடிக்கான விலையைத்தான்.

சாலை வரியை எடுத்துக்கொள்ளுங்கள். தீபகற்ப மலேசியாவில் 3,000 சிசியைத் தாண்டினால் அடிப்படை 2,130 வெள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு சிசிக்கும் 4 வெள்ளி 50 சென். இந்த ஃபேர்லேடி 3,498 சிசி. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 4,371 வெள்ளி. 1.5 மைவிக்கு ஆண்டு முழுவதற்கும் 90 வெள்ளிதான். காடி பழசானாலும் வரி குறையாது. 6,498 சிசி உள்ள லம்போர்கினி அவென்டடோருக்கு இதே கணக்கில் 17,871 வெள்ளி வரும். முதல் ஆண்டு வரியும் காப்புறுதியும் பெரும்பாலும் வாங்கும் தொகையோடு சேர்ந்து போய்விடும், அதனால் வலிக்காது. இரண்டாம் ஆண்டுதான் தம்பிகள் என்னிடம் வந்து "அண்ணே, இது சரியான தொகைதானா?" என்று கேட்கிறார்கள்.

காப்புறுதியில் இன்னொரு சங்கதி உண்டு, பெட்டர்மெண்ட் என்பார்கள். பழைய காடி மோதிவிட்டு, உடைந்த பாகத்துக்குப் பதில் புதியதைப் போட்டால் அந்தப் புதிய பாகத்தின் விலையில் ஒரு பங்கை நீங்கள்தான் கட்ட வேண்டும். பொதுவாக ஐந்து வயதுக் காடிக்கு 15 விழுக்காட்டில் தொடங்கி, பத்து வயதானால் 40 விழுக்காடு வரை போகும். ரீகண்ட் காடிக்கு இந்த வயதை எண்ணுவது ஜப்பானில் தயாரான ஆண்டிலிருந்து, இங்கே பதிந்த நாளிலிருந்து அல்ல. ஒரு ஹெட்லைட் பல ஆயிரம் வெள்ளி விற்கும் காடியில் அந்த 40 விழுக்காடு எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், ஒவ்வொரு காடிக்கும் ஒரு குணம் இருக்கிறது. மஸ்டா ஆர்எக்ஸ்-8 ஆயில் குடிக்கும். அது கோளாறு இல்லை, அந்த ரோட்டரி இஞ்சினையே ஆயிலையும் கொஞ்சம் எரித்து ஓடும்படிதான் செய்திருக்கிறார்கள். வீட்டு முன்னால் ஸ்டார்ட் செய்து பத்து அடி நகர்த்திவிட்டு உடனே அணைத்தால், பெட்ரோல் உள்ளே தேங்கி மறுபடி ஸ்டார்ட் ஆகாமல் போகலாம். அதன் கம்ப்ரெஷனை, அதாவது இஞ்சினுக்குள் இருக்கும் அழுத்தத்தைச் சோதிக்கத் தனிக் கருவி வேண்டும், என்னிடமே கிடையாது. 2000-ஆம் ஆண்டை ஒட்டி வந்த போர்ஷே பாக்ஸ்டர்களில் ஐஎம்எஸ் என்ற சிறிய பேரிங் ஒன்று உண்டு. அது உடைந்தால் இஞ்சினே போய்விடும். ஃபெராரி 355-இல் டைமிங் பெல்ட் மாற்ற இஞ்சினையே கீழே இறக்க வேண்டும். ஓடாமல் நிழலில் நின்றாலும் சில ஆண்டுக்கு ஒருமுறை அதைச் செய்தாக வேண்டும். கூலிக்கே எவ்வளவு ஆகும் பாருங்கள்.

நம் ஊருக்கென்று சில தொல்லைகளும் உண்டு. தோட்டத்துச் சாலையில் மேடு அதிகம், தாழ்ந்த காடி ஒவ்வொன்றிலும் உரசும். செம்மண் தூசியில் ஏர் ஃபில்டர் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். எலி வந்து வயரைக் கடிப்பது செம்பனை ஓரத்து வீடுகளில் சகஜம். சாகாவில் கடித்தால் அரை நாள் வேலை. இந்தக் காடிகளில் வயரிங் கட்டு முழுவதையும் பிரித்துத் தேட வேண்டிவரும். அதற்கு ஈப்போவுக்கோ கோலாலம்பூருக்கோ கொண்டுபோக வேண்டும், அதுவும் தட்டையான லாரியில் ஏற்றித்தான். சாதாரண இழுவை லாரியில் மாட்டினால் பம்பர் மிஞ்சாது.

இதையெல்லாம் கடனில் செய்யும்போதுதான் எனக்குப் பயம் வருகிறது. எண்பதாயிரம் வெள்ளியை 4 விழுக்காடு நிலை வட்டியில் (கடைசிவரை முழு அசலுக்கும் போடும் வட்டி) ஐந்து ஆண்டுக்கு எடுத்தால் வட்டி மட்டும் 16,000. மாதத் தவணை 1,600. அதில் சாலை வரி, டயர், ரோன் 97 பெட்ரோல் எதுவும் சேராது. தொடர்ந்து இரண்டு மாதம் தவணை கட்டாவிட்டால், 21 நாள் நோட்டீஸ் கொடுத்துவிட்டு வங்கி காடியை இழுத்துப்போக 1967-ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் இடம் தருகிறது. காடியின் மொத்த ரொக்க விலையில் 75 விழுக்காட்டுக்கு மேல் கட்டியிருந்தால்தான் அதற்கு நீதிமன்ற ஆணை வேண்டும். இழுத்த காடி ஏலத்துக்குப் போகும். ஏலத் தொகை கடனுக்குப் போதாவிட்டால் மீதியையும் நீங்களே கட்ட வேண்டும்.

எனக்குத் தெரிந்த ஒரு பெரியவர், குலை லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர், மகனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டார். மகன் இரண்டு ஆண்டு ஓட்டினான். கியர் பாக்ஸ் போனது, செய்யப் பணமில்லை, ஓடாத காடிக்குத் தவணை கட்ட மனமும் இல்லை. ஏலத்துக்குப் பிறகு வந்த கடிதத்தை அந்த ஐயா நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு என்னிடம் வந்தார். ஆங்கிலம் படிக்கத் தெரியாது, படித்துச் சொல்லச் சொன்னார். மீதி 31,000 வெள்ளி. நான் எண்ணைச் சொன்னதும் மேலே கடிதத்தைப் படிக்க விடவில்லை. சேமநிதிப் பணத்திலிருந்துதான் கட்டினார்.

இப்படிச் சிக்கியவர்கள் பலர் "சம்போங் பாயார்" என்று காடியை இன்னொருவர் கையில் கொடுத்து, அவர் தவணை கட்டுவார் என்று நம்பியிருக்கிறார்கள். தயவுசெய்து அதை மட்டும் செய்யாதீர்கள். அது சட்டத்துக்குப் புறம்பானது. காடி உங்கள் பெயரில், ஓட்டுவது யாரோ. சம்மன் உங்களுக்குத்தான் வரும், கடனும் உங்களுடையதுதான். வாங்கும் பக்கம் இருந்தால் இன்னும் மோசம், எவ்வளவு கட்டினாலும் காடி உங்களுடையது ஆகாது. ஏற்கெனவே மாட்டிக்கொண்டவர்கள், கடன் ஆலோசனை தரும் ஏ.கே.பி.கே.-க்குப் போங்கள். நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2006-இல் தொடங்கியது, ஆலோசனைக்குக் காசு வாங்க மாட்டார்கள். வெட்கப்பட ஒன்றுமில்லை, நானே இரண்டு பேரைக் கூட்டிப்போய் உட்கார வைத்திருக்கிறேன்.

அப்படியானால் வாங்கவே கூடாதா? வாங்கலாம். காடி விலையைத் தவிர, அந்த விலையில் கால் பங்காவது கையில் ரொக்கமாக இருக்க வேண்டும், வேலைக்குப் போக இன்னொரு வண்டி இருக்க வேண்டும் என்பது என் கணக்கு. ரீகண்ட் என்றால், காடியின் நிலையைக் குறித்திருக்கும் ஜப்பான் ஏலத் தாளைக் கேளுங்கள். தரம் "ஆர்" என்று இருந்தால் அடிபட்டுச் சரி செய்த காடி. புஸ்பாகோம் என்ற வாகனச் சோதனை நிறுவனத்தில் தேறியது என்பதை மட்டும் நம்பாதீர்கள், அவர்கள் இஞ்சினைப் பிரித்துப் பார்ப்பதில்லை. காப்புறுதியில் பந்தய ஓட்டம் சேராது, நெடுஞ்சாலையில் போட்டி போட்டு மோதினால் ஒரு சென்கூட வராது. வேகம்தான் வேண்டுமென்றால் செப்பாங் பந்தயத் தடத்தில் பொதுமக்கள் ஓட்டும் நாட்கள் உண்டு, 5.543 கிலோமீட்டர், எதிரே லாரி வராது.

முன்பணம் கட்டும் முன் காடியை என்னிடமோ, நீங்கள் நம்பும் ஒரு பட்டறைப் போர்மனிடமோ கொண்டு போங்கள். காலையில், இஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து பார்க்க வேண்டும். இஞ்சினுக்குள் ஓடும் செயினின் சத்தமும் நீலப் புகையும் முதல் பத்து விநாடியில்தான் தெரியும். நீங்கள் போகும்போதே பானட் சூடாக இருந்தால், மறுநாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள்.