விளம்பரத்துக்கு முன்னால் சேலைப் பக்கத்தைச் சரிசெய்யுங்கள்

"மாசா மாசம் விளம்பரத்துக்குப் பணம் கட்டுறோம், ஆளுங்க வர்றாங்க, பார்க்குறாங்க, ஆனா ஆர்டர் விழ மாட்டேங்குது." இளம்பிள்ளை, கொண்டலாம்பட்டி பக்கம் சேலை நெய்து சொந்தமாக இணையக் கடை நடத்துகிறவர்களிடம் நான் அதிகம் கேட்கிற பேச்சு இதுதான். சேலத்தில் இருந்துகொண்டு சிறு ஜவுளிக் கடைகளுக்கு இணையப் பக்கம் வடிவமைத்துத் தருவது என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலோர் புது டிசைன் கேட்கிறார்கள், ஓடும் பேனர் கேட்கிறார்கள். பக்கத்தைத் திறந்து பார்த்தால் குறை வேறு இடத்தில் இருக்கிறது. வாங்க வந்தவர் மனதில் இருக்கும் சந்தேகத்துக்கு அங்கே பதில் இல்லை. பதில் இல்லாத கடையில் யாரும் பணம் கட்ட மாட்டார்கள்.

முதலில் ஒரு கணக்கு. பக்கத்துக்கு வந்த நூறு பேரில் எத்தனை பேர் வாங்கினார்கள் என்பதுதான் கன்வெர்ஷன் ரேட். ஒரு கிளிக்குக்கு 4 ரூபாய் வீதம் 40,000 ரூபாய் செலவழித்து 10,000 பேரை வரவழைக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். 100 பேர் வாங்கினால் 1 சதவீதம்; ஒரு ஆர்டருக்கு விளம்பரச் செலவு மட்டும் 400 ரூபாய். அதே 10,000 பேரில் 150 பேர் வாங்கினால் அந்தச் செலவு 267 ரூபாயாகக் குறைந்துவிடும். 900 ரூபாய் சேலை விற்கிற குடும்பத்துக்கு இந்த 133 ரூபாய் சின்னத் தொகை இல்லை. நூல் விலையையும் கூலியையும் சமாளித்து மிச்சம் பிடித்த பணம், பதில் சொல்லாத ஒரு பக்கத்துக்கு ஆள் கூட்டிவரச் செலவாவதைப் பார்க்க எனக்கு மனசு பொறுக்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

எதைச் சரிசெய்ய வேண்டும் என்று கண்டுபிடிக்க நிபுணர் தேவையில்லை. கடையின் வாட்ஸ்அப்பைத் திறந்து, கடைசியாக வந்த நூறு கேள்விகளை ஒரு நோட்டில் எழுதுங்கள். "இதே கலர்தான் வருமா?" "ஜாக்கெட் துணி சேர்த்தா?" "பார்டர் எத்தனை இஞ்ச்?" "சாயம் போகுமா?" "வெள்ளிக்கிழமைக்குள்ள கிடைச்சிருமா?" ஒரே கேள்வி ஐந்தாறு தடவை வந்திருந்தால், அதற்கான பதில் உங்கள் பக்கத்தில் இல்லை, இருந்தாலும் கண்ணில் படும் இடத்தில் இல்லை. கேட்டவருக்கு நீங்கள் பதில் அனுப்பிவிட்டீர்கள், சரி. கேட்கத் தோன்றாமல் பக்கத்தை மூடிவிட்டுப் போனவர்கள் இவர்களைவிட அதிகம் என்பதை மறக்க வேண்டாம்.

இவற்றில் நிறம்தான் பெரிய விஷயம். கடைவீதியில் ஒரு கடைக்குப் போனால், விற்பனையாளர் சேலையை உதறி விரித்து, முந்தியைத் தோளில் போட்டுக் காட்டி, வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் நிறத்தைப் பார்க்கச் சொல்வார். இணையப் பக்கம் செய்ய வேண்டியதும் இதே வேலைதான். மயில்கழுத்து மாதிரியான இரட்டை நிறச் சேலையில் பாவு (நீளவாட்டில் ஓடும் நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கே ஓடும் நூல்) வேறு நிறம். துணி அசையும்போதுதான் இரண்டும் மாறிமாறித் தெரியும். நின்றபடி எடுத்த ஒரு படத்தில் ஏதாவது ஒரு நிறம் மட்டும் பதிவாகும். பார்சலைப் பிரிக்கும்போது "நான் கேட்டது இது இல்லையே" என்பார்கள். பத்து வினாடி வீடியோ ஒன்று, கையில் பிடித்து மெதுவாகத் திருப்பிக் காட்டினாலே இந்தப் பிரச்சினை பாதி தீரும். படத்தை டியூப்லைட்டுக்குக் கீழே எடுக்காமல், காலை நேரத்தில் நேர் வெயில் படாத திண்ணை வெளிச்சத்தில் எடுங்கள். சேலைக்கு அருகில் ஒரு வெள்ளைத் தாளை வைத்து, அது படத்தில் வெள்ளையாகத் தெரிகிறதா என்று பாருங்கள். தாள் மஞ்சளடித்தால் சேலை நிறமும் மாறித்தான் தெரியும். ஃபில்டர் எதுவும் வேண்டாம்.

அப்புறம் படங்களின் வரிசை. கட்டிய நிலையில் முழுத் தோற்றம், முந்தி, சேலையின் உடலில் வரும் புட்டா (சிறு பூ வேலைப்பாடு), அளவுநாடாவோடு பார்டர், பின்பக்கம், ஜாக்கெட் துணி. பின்பக்கத்தை யாரும் காட்டுவதில்லை. ஆனால் நூல் இழை எப்படி ஓடுகிறது, வளையல் மாட்டி இழுக்குமா என்று பார்க்கத் தெரிந்த பெண்கள் முதலில் புரட்டிப் பார்ப்பது பின்பக்கத்தைத்தான். அளவைச் சொல்லும்போது "6.3 மீட்டர்" என்று மொத்தமாகப் போடாமல், சேலை 5.5 மீட்டர், ஜாக்கெட் துணி 80 சென்டிமீட்டர் என்று பிரித்துப் போடுங்கள். எடையை கிராமில் போடுங்கள். வேலைக்குக் கட்டிப்போகும் ஆசிரியைக்கு 400 கிராம் சேலையும் 800 கிராம் சேலையும் ஒன்றில்லை. சுடிதார், குர்த்தி விற்கிறவர்கள் அளவு அட்டவணையில் இருப்பது உடம்பின் அளவா, தைத்த துணியின் அளவா என்று தெளிவாக எழுத வேண்டும். அது இல்லாத அட்டவணை குழப்பத்தைத்தான் கூட்டும்.

நூலைப் பற்றி ஒரு வார்த்தை. சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. சுத்தப் பட்டுக்கு சில்க் மார்க், கைத்தறிக்குக் கைத்தறி முத்திரை என்று தனித்தனி அடையாளங்கள் இருக்கின்றன. இவை எதுவும் இல்லாத பாலியஸ்டர் இழைச் சேலைக்கு வெறுமனே "சாஃப்ட் சில்க்" என்று பெயர் போட்டு, எந்த நூல் என்பதைச் சொல்லாமல் விடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. தயவுசெய்து செய்யாதீர்கள். 900 ரூபாய்க்கு அசல் பட்டு வராது என்பது வாங்குகிறவருக்கும் தெரியும். நீங்கள் மறைப்பதுதான் அவரைத் தயங்க வைக்கிறது. "ஆர்ட் சில்க் (பாலியஸ்டர் இழை), விசைத்தறி, வீட்டிலேயே அலசலாம், முதல் தடவை தனியாக அலசவும்" என்று நேராக எழுதிப் பாருங்கள். தினமும் கட்டச் சேலை தேடுகிறவருக்கு வேண்டிய பதிலே அதுதான்.

விளம்பரத்தில் ஒரு அரக்குச் சேலையைக் காட்டிவிட்டு, சொடுக்கினால் கடையின் முகப்புப் பக்கத்துக்குக் கொண்டுபோய் விடுகிற தவறு நான் பார்த்த அநேகக் கடைகளில் இருந்தது. அந்த ஒரு சேலைக்காக வந்தவர், இருநூறு சேலைகளுக்கு நடுவில் அதைத் தேட மாட்டார். விளம்பர இணைப்பை அந்தச் சேலையின் பக்கத்துக்கே கொடுங்கள். ஒற்றை உருப்படியாக நெய்தது விற்றுவிட்டால், பக்கத்தை அழிக்காமல் "விற்றுவிட்டது" என்று போட்டு, அதே நிறத்தில், அதே விலையில் உள்ளவற்றை கீழே காட்டுங்கள்.

பக்கம் திறக்கும் வேகத்தை உங்கள் கடை வைஃபையில் வைத்துச் சோதிக்காதீர்கள். ஏற்காடு போக நேர்ந்தால், அடிவாரம் தாண்டி, 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்த மலைப்பாதையில் பஸ்ஸில் உட்கார்ந்து, விலை குறைந்த ஒரு போனில் திறந்து பாருங்கள். சிக்னல் விட்டுவிட்டுக் கிடைக்கும் ஊர்களில் இருந்துதான் உங்கள் வாடிக்கையாளர்களில் பலர் பார்க்கிறார்கள். போனில் எடுத்த படம் ஒவ்வொன்றும் 4, 5 எம்பி இருக்கும். பத்துப் படத்தை அப்படியே ஏற்றினால் ஒரு சேலையைப் பார்க்க 50 எம்பி செலவாகும். அகலத்தை 1,200 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற, கோப்பைச் சிறிதாக்கும் பட வடிவத்தில் சேமித்தால் பெரும்பாலும் ஒரு படம் 200 கேபிக்குள் அடங்கும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது. பக்கத்தின் முக்கியப் படம் 2.5 வினாடிக்குள் தெரிய வேண்டும் என்பது கூகுள் வைத்திருக்கும் அளவுகோல். பேஜ்ஸ்பீடு இன்சைட்ஸ் என்ற அவர்களுடைய இலவசச் சோதனையில் உங்கள் முகவரியைப் போட்டால் எது தாமதம் செய்கிறது என்று அதுவே சொல்லும்.

திரையில் இன்னும் சில. வெள்ளைப் பின்னணியில் வெளிர் தங்க நிற எழுத்து பார்க்க ஆடம்பரமாக இருக்கலாம். நாற்பது வயதுக்கு மேற்பட்டவரால் வெயிலில் படிக்க முடியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் வெளிச்சத்தில் குறைந்தது 4.5க்கு 1 என்ற விகிதத்தில் வேறுபாடு வேண்டும் என்கிறது அணுகல்தன்மைக்கான சர்வதேச வழிகாட்டி. தமிழ் எழுத்துக்கு வரிகளுக்கு நடுவே ஆங்கிலத்தைவிட அதிக இடம் விட வேண்டும், இல்லாவிட்டால் கொம்பும் சுழியும் வெட்டுப்படும். வாட்ஸ்அப் பச்சை வட்டம் "வாங்க" பொத்தானை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

சரி, விலைக்கு வருவோம். கூடையில் போட்டவர்களில் சராசரியாகப் பத்துக்கு ஏழு பேர் வாங்காமல் போகிறார்கள் என்று இணைய வணிகத்தைத் தொடர்ந்து ஆராயும் பேமார்ட் நிறுவனம் சொல்கிறது. சும்மா பார்க்க வந்தவர்களைத் தள்ளிவிட்டு மற்றவர்களிடம் காரணம் கேட்டால் முதலில் வருவது, கடைசியில் திடீரென்று ஏறும் கூடுதல் செலவு. கூரியர் கட்டணத்தைப் பணம் கட்டும் கட்டத்தில் சொல்லாமல், விலைக்குக் கீழேயே சொல்லிவிடுங்கள். பின்கோடு போட்டதும் எந்தத் தேதிக்குள் கிடைக்கும் என்று காட்டுங்கள். நம் ஊரில் சேலை ஒரு நாளைக்காக வாங்கப்படுகிறது: ஆடி வெள்ளி, வரலட்சுமி நோன்பு, வளைகாப்பு. "5 முதல் 7 வேலை நாட்கள்" என்றால் அவர்தான் நாள்காட்டியை எடுத்து எண்ண வேண்டும். தேதியைச் சொன்னால் முடிவெடுப்பார்.

கேஷ் ஆன் டெலிவரியை அடியோடு நிறுத்தச் சொல்லிச் சிலர் ஆலோசனை தருகிறார்கள். வாங்கப்படாமல் திரும்பி வரும் பார்சல்களால் நஷ்டம் வருவது உண்மைதான். ஆனாலும் உங்களை முன்பின் தெரியாத ஒருவருக்கு முதல் தடவை அதுதான் துணை. வைத்துக்கொள்ளுங்கள், அனுப்புவதற்கு முன் ஒரு போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள், யுபிஐயில் கட்டினால் கூரியர் இலவசம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள்.

பணம் கட்டும் பக்கத்தில் கணக்குத் தொடங்கினால்தான் வாங்கலாம் என்று கட்டாயப்படுத்த வேண்டாம். பெயர், போன், பின்கோடு, முகவரி போதும். "அருகில் உள்ள அடையாளம்" என்று ஒரு கட்டம் இருக்கட்டும். கிராமத்து முகவரி ரேஷன் கடை எதிரில், மாரியம்மன் கோயில் பின்புறம் என்றுதான் இருக்கும். இன்ஸ்டாகிராமுக்குள்ளேயே திறக்கும் பக்கத்தில் யுபிஐ செயலிக்குத் தாவுவது சில போன்களில் தடைபடும். விதவிதமான போன்களில் சோதித்துப் பாருங்கள்.

நம்பிக்கைக்குச் சட்டமும் துணை இருக்கிறது. 2020ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி கடையின் சட்டப் பெயர், முகவரி, தொடர்பு எண், புகார் கேட்கும் அலுவலர் விவரம், திருப்பி எடுக்கும் முறை எல்லாம் பக்கத்தில் இருக்க வேண்டும். புகார் வந்ததை 48 மணி நேரத்தில் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். நெசவுக் குறை உள்ள சேலையையோ, விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத சேலையையோ திருப்பி எடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. "நோ ரிட்டர்ன்" என்று சிவப்பில் எழுதி வைப்பதால் வாங்க வந்தவரும் பின்வாங்குவார். எந்த நிலையில் எடுத்துக்கொள்வீர்கள், திரும்ப அனுப்பும் கூரியர் செலவு யாருடையது, பணம் எத்தனை நாளில் வரும் என்று நாலு வரியில் எழுதினால் போதும். வாடிக்கையாளர் அனுப்பிய படத்தைப் போட விரும்பினால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். ஒரு பெண் நம்பிக்கையோடு அனுப்பிய படம் அது.

விற்பனையைக் கூட்ட எளிய வழி என்று சொல்லி இன்னொன்றையும் விற்கிறார்கள்: பக்கத்தை மறுபடி திறந்தால் மறுபடி பத்து நிமிடத்திலிருந்து ஓடும் கடிகாரம், "37 பேர் இந்தச் சேலையைப் பார்க்கிறார்கள்" என்ற பொய். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ஆம் தேதி அறிவித்த வழிகாட்டு நெறிகள், வாடிக்கையாளரை ஏமாற்றும் இப்படிப்பட்ட 13 வடிவமைப்பு உத்திகளைத் தடை செய்திருக்கின்றன. பொய்யான அவசரம் அவற்றில் ஒன்று. ஃபால்ஸ் தைக்க 100 ரூபாய் என்று கேட்காமலே கூடையில் சேர்ப்பதும் இன்னொன்று. உண்மையிலேயே ஒரே ஒரு உருப்படிதான் நெய்தீர்கள் என்றால் தாராளமாகச் சொல்லுங்கள், அது உங்கள் பெருமை. இல்லாததைச் சொல்லி விற்ற சேலைக்கு இரண்டாவது ஆர்டர் வராது.

மாற்றியது பலித்ததா என்று பார்ப்பதில் அவசரம் கூடாது. 1 சதவீதம் 1.5 ஆகிவிட்டது என்று புள்ளியியல்படி உறுதியாகச் சொல்லவே பழைய பக்கத்துக்கு சுமார் 8,000 பேர், புதிய பக்கத்துக்கு சுமார் 8,000 பேர் வர வேண்டும். 1.2 ஆனதைக் கண்டுபிடிக்க ஒவ்வொன்றுக்கும் 40,000 பேருக்கு மேல் தேவை. சிறு கடைக்கு அது ஆகிற காரியமில்லை. அதனால் படிப்படியாக எண்ணுங்கள்: சேலைப் பக்கம் பார்த்தவர், கூடையில் போட்டவர், முகவரி நிரப்பியவர், பணம் கட்டியவர். எந்தப் படியில் அதிகம் பேர் கழன்றுகொள்கிறார்களோ அங்கே முதலில் கை வையுங்கள். மைக்ரோசாஃப்ட் கிளாரிட்டி என்ற இலவசக் கருவியில் எங்கே விரல் வைக்கிறார்கள், எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்க்கலாம். அதைவிட நல்லது, சொந்தத்தில் ஒரு அத்தையிடமோ அண்ணியிடமோ போனைக் கொடுத்து "ஒரு சேலை வாங்குங்க" என்று சொல்லிவிட்டு, உதவி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பது.

ஆடி விற்பனையை மார்கழியோடு ஒப்பிடாதீர்கள். முகூர்த்த மாதத்தை அதே மாதிரி முகூர்த்த மாதத்தோடு ஒப்பிடுங்கள். மாற்றங்களை அதிகம் பார்க்கப்படும் பத்துச் சேலைகளின் பக்கத்தில் தொடங்கி, ஆவணிக்குள் எல்லாப் பக்கத்துக்கும் கொண்டுபோய்விடுங்கள். தீபாவளிக்கு முந்தைய மாதம் பணம் கட்டும் பக்கத்தில் கை வைக்க வேண்டாம். அப்போது ஏதாவது பழுதானால் சரிசெய்வதற்குள் சீசன் போய்விடும்.