புல் நிறைய இருக்கிறது, செம்மறி ஏன் மெலிகிறது?

ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட கையோடு கண்மாய்க்கரை, தரிசு, வரப்பு எல்லாம் பச்சையாகிவிடும். கோடை முழுக்கச் சருகையும் கருவேலங்காயையும் தின்று ஒப்பேற்றிய செம்மறிகளுக்கு விருந்துக் காலம் என்றுதான் நினைப்போம். ஆனால் பட்டியில் போய்ப் பார்த்தால் சில ஆடுகள் விலா எலும்பு தெரிய நிற்கும். குட்டி சோர்ந்து மந்தையின் கடைசியில் வரும். காலையில் சாதாரணமாக மேயப்போன ஆடு, சாயங்காலம் திரும்பும்போது தாடைக்கு அடியில் ஒரு நீர்ப்பை தொங்குவது போல வீங்கியிருக்கும். மறுநாள் விடியும்போது வீக்கம் கொஞ்சம் வடிந்திருக்கும், "சரியாப் போச்சு" என்று ஓட்டிக்கொண்டு போவார்கள், பொழுது சாய மறுபடி வீங்கும்.

இதற்கெல்லாம் காரணம் பெரும்பாலும் வயிற்றுக்குள் இருக்கும் புழு. அந்த வீக்கத்தைப் புரிந்துகொண்டால் புழு என்ன செய்கிறது என்பதில் பாதி புரிந்துவிடும். ரத்தத்தில் ஆல்புமின் என்றொரு புரதம் இருக்கிறது, ரத்தத்தின் நீரை நாளங்களுக்குள்ளேயே பிடித்து வைப்பது அதன் வேலை. அது குறைந்தால் நீர் நாளத்தைவிட்டுக் கசிந்து தசைகளுக்கு இடையில் தேங்கும். நாள் முழுக்கத் தலையைக் குனிந்து மேய்கிற பிராணிக்குத் தேங்கிய நீர் எங்கே இறங்கும்? தாடைக்கடியில்தான். ராத்திரி தலையை நிமிர்த்திப் படுத்து அசைபோடும்போது கொஞ்சம் வடிகிறது, அவ்வளவுதான். ஆக, அந்த ஆட்டின் உடம்பில் புரதம் ஓட்டையாகிக் கொண்டிருக்கிறது.

ஓட்டை போட்டவர் பெரும்பாலும் ஹீமாங்கஸ் கன்டார்ட்டஸ் என்ற ரத்தம் குடிக்கும் புழு. குடற்புழு என்று பொதுவாகச் சொன்னாலும் இவர் இருப்பது குடலில் இல்லை, ஆட்டின் நான்கு அறை வயிற்றில் நான்காவது அறையில், நம் இரைப்பைக்குச் சமமான, அமிலம் சுரக்கிற அறையில். பெண் புழு 2 முதல் 3 சென்டிமீட்டர் நீளம். குடித்த ரத்தத்தால் சிவந்த குடலும் வெள்ளையான சினைக்குழாயும் ஒன்றையொன்று முறுக்கிக்கொண்டு, சிவப்பு வெள்ளைச் சரடு திரித்தது போல இருக்கும். ஒரு புழு ஒரு நாளில் குடிப்பதும் கடித்த இடத்தில் கசியவிடுவதுமாக ஏறக்குறைய 0.05 மில்லிலிட்டர் ரத்தம் போகும். ஒரு சொட்டு. இதில் என்ன இருக்கிறது என்று தோன்றும், ஆனால் 1000 புழு இருந்தால் 50 மில்லி, 5000 இருந்தால் கால் லிட்டர், அதுவும் தினமும். 25 கிலோ ஆட்டின் உடம்பில் மொத்தமே சுமார் ஒன்றரை லிட்டருக்குச் சற்று மேலே தான் ரத்தம் ஓடுகிறது.

இங்கே ஒரு வேடிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. ஆட்டுப் புழுக்கையில் அரிசி மாதிரி வெள்ளைத் துண்டுகள் தெரிந்தால் உடனே ஓடிப்போய்ப் பூச்சி மருந்து வாங்குவோம். அது நாடாப்புழுவின் துண்டு. பார்க்க அருவருப்பே தவிர, வளர்ந்த ஆட்டுக்கு அதனால் பெரிய கெடுதல் கிடையாது. உயிரை எடுக்கிற ஹீமாங்கஸோ வயிற்றுக்குள்ளேயே இருந்துகொண்டு, ஒரு பெண் புழு நாளைக்கு 5000 முதல் 10,000 முட்டை வரை போட்டு வெளியே அனுப்பும். அந்த முட்டையை நுண்ணோக்கியில்தான் பார்க்க முடியும். அதிலும் இந்தப் புழுவுக்குக் கழிச்சல் பெரும்பாலும் வராது, புழுக்கை கெட்டியாகவே விழும். கழிச்சல் இல்லையே, புழு இருக்காது என்று நம்பி ஏமாறுகிறவர்கள் நிறைய.

மழைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்றால், முட்டை பொரிந்து வரும் இளம்புழுவுக்கு வெதுவெதுப்பும் ஈரமும் வேண்டும். இரண்டும் கிடைத்தால் ஒரு வாரத்தில் மூன்றாம் பருவத்துக்கு வந்துவிடும். இந்தப் பருவத்தில் அது பழைய தோலைக் கழற்றாமல் உறை போலப் போர்த்திக்கொண்டிருக்கும். வாயும் மூடிக்கிடப்பதால் எதையும் தின்ன முடியாது, உடம்பில் சேர்த்து வைத்ததை வைத்துத்தான் காலம் தள்ள வேண்டும். புல்லில் படர்ந்த பனிநீரில் நெளிந்து மேலே ஏறும், ஆனால் ரொம்ப உயரம் போகாது, பெரும்பாலானவை தரையிலிருந்து 5 சென்டிமீட்டருக்குள் இருக்கும். பனி காய்ந்த பிறகு ஆட்டை அவிழ்த்துவிடும் பழக்கத்துக்கும், புல்லை வேரோடு மொட்டையடிக்கும்வரை ஒரே இடத்தில் மேய்க்கக் கூடாது என்பதற்கும் இதைவிட நல்ல காரணம் வேண்டாம். செம்மறி வேறு வெள்ளாடு மாதிரி எக்கி எக்கித் தழை தின்னாது, தரையோடு தரையாக நறுக்கும்.

தின்னப்பட்ட இளம்புழு ஆட்டின் முதல் அறையான பெரிய வயிற்றில் போர்வையைக் கழற்றுகிறது, நான்காம் அறைச் சுவரின் சுரப்பிக்குள் புகுந்து வளர்கிறது, மூன்று வாரத்தில் முட்டை போடத் தொடங்கிவிடுகிறது. வெளியே வறட்சி என்றால் பல இளம்புழுக்கள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு சுரப்பிக்குள்ளேயே மாதக்கணக்கில் ஒளிந்திருக்கும், மழை வந்ததும் ஒன்றாகக் கிளம்பும். இந்தச் சாமர்த்தியத்தைப் பார்த்தால் எரிச்சலோடு ஒரு மரியாதையும் வருகிறது.

சரி, இப்போது தீனிக் கணக்குக்கு வருவோம், எனக்குப் பிடித்த பகுதி இதுதான். நாளுக்கு 80 கிராம் எடை கூடும் ஒரு குட்டி, உடம்பில் புதிதாகச் சேர்க்கும் புரதம் சுமார் 13 கிராம். 1000 புழு எடுக்கும் 50 மில்லி ரத்தத்தில் இருக்கும் புரதம் சுமார் 7 கிராம். கசிந்த ரத்தத்தில் ஒரு பங்கு கீழே சிறுகுடலில் செரித்துத் திரும்பக் கிடைக்கும் என்பது உண்மை, ஆனால் அதை மறுபடி ரத்தமாக்கும் செலவு ஆட்டின் தலையில். இது தோராயக் கணக்குதான், இருந்தாலும் வளர்ச்சிக்கான காசில் எவ்வளவு பெரிய பங்கு பழுதுபார்க்கவே போகிறது பாருங்கள். சிறுகுடலில் டிரைக்கோஸ்டிராங்கைலஸ் என்ற மயிரிழைப் புழுவும் சேர்ந்தால் இன்னொரு ஓட்டை. அது ரத்தம் குடிப்பதில்லை, குடல் உட்சுவரைச் சிதைத்துச் சளியாகவும் உதிர்ந்த அணுக்களாகவும் புரதத்தை ஒழுகவிடுகிறது. கழிச்சல் வைப்பது இதுதான். பாஸ்பரஸ் உறிஞ்சுவதும் குறைந்து எலும்பு வலுவிழக்கும். உடம்பும் முதலில் குடலையும் ரத்தத்தையும் சரிசெய்யத்தான் புரதத்தை அனுப்பும், தொடைக்கறிக்கும் ரோமத்துக்கும் மிச்சம் இருந்தால் உண்டு.

இவ்வளவு இழப்பு இருக்கும்போது ஆடு கூடுதலாகத் தின்ன வேண்டும் அல்லவா? நேர்மாறாக, புழு ஏறிய ஆட்டுக்குப் பசி மந்தமாகிறது. தீனி 10 முதல் 30 விழுக்காடு வரை குறையும், மோசமானால் பாதிகூட. புழுவை எதிர்க்க உடம்பு விடும் அழற்சிச் செய்திகளும் குடல் ஹார்மோன்களும் சேர்ந்து மூளைக்குப் 'போதும்' என்று சொல்லிவிடுகின்றன. எடை குறைவதில் பெரும்பங்கு புழு தின்றதால் இல்லை, ஆடு தின்னாததால்.

அளவு குறைந்தாலும் தேர்வு கூர்மையாகிறது. 1990-களில் ஸ்காட்லாந்தில் வளரும் செம்மறிகளுக்குப் புரதம் கூடிய தீனி, குறைந்த தீனி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். புழு ஏற்றப்பட்ட ஆடுகள் புரதம் கூடியதிலிருந்து அதிகப் பங்கை எடுத்துக்கொண்டன. அவற்றுக்குத் தெரிந்திருக்கிறது! காய்ந்த தரிசில் விட்டால் தெரிந்தும் என்ன செய்யும், தேர்ந்தெடுக்க அங்கே ஒன்றும் இல்லை.

புரதம் ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், எதிர்ப்பாற்றலே புரதத்தால் ஆனது. எதிர்ப்புப்பொருள், வெள்ளணு, குடல் சளி எல்லாம் அதிலிருந்துதான். கிடைத்ததை ஆடு எந்த வரிசையில் செலவழிக்கிறது என்பது இன்னும் சுவாரசியம். முதலில் உயிர் தரிக்க. அடுத்து, குட்டி என்றால் வளர்ச்சிக்கு, தாய் என்றால் கருவுக்கும் பாலுக்கும். எதிர்ப்பாற்றலுக்கு அதற்குப் பிறகுதான் பங்கு. அதனால்தான் ஈனுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து ஈன்ற ஆறு எட்டு வாரம்வரை தாயின் எதிர்ப்பு தளர்ந்து, புழுக்கையில் முட்டை திடீரென்று எகிறுகிறது. இரட்டைக் குட்டி போட்டவளுக்கு ஒற்றைக் குட்டிக்காரியைவிட அதிகம். அதே சமயத்தில்தான் குட்டிகள் புல்லைக் கொறிக்கப் பழகுகின்றன, அதாவது தாய் கொட்டிய இளம்புழுவைப் பிள்ளை பொறுக்கித் தின்கிறது. இந்த வாரங்களில் தாய்க்குக் கூடுதல் புரதம் கொடுத்த சோதனைகளில் முட்டை எண்ணிக்கை நன்றாகவே குறைந்திருக்கிறது.

எந்தப் புண்ணாக்கு என்று கேட்பீர்கள். கடலைப் புண்ணாக்கின் புரதம் பெரும்பாலும் பெரிய வயிற்றிலேயே நுண்ணுயிர்கள் உடைத்துவிடும், பருத்திக்கொட்டைப் புண்ணாக்கில் அதைவிடக் கூடுதலான பங்கு தப்பித்துக் குடல்வரை போய்ச் சேரும். காசு இல்லையென்றால் அகத்தியும் வேலிமசாலும் சூபாபுல்லும் இருக்கவே இருக்கின்றன. கருவேலங்காய் போன்றவற்றில் உள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருள் அளவோடு போனால் புரதத்தை வயிற்றில் உடையாமல் காக்கும், சில வகை டானின் புழுவையும் ஓரளவு அடக்கும். அளவு மீறினால் அதே டானின் செரிமானத்தைக் கெடுக்கும், ஆகவே மூட்டையைக் கவிழ்த்துவிட வேண்டாம்.

அப்போ மருந்து வேண்டாமா? கண்டிப்பாக வேண்டும், தாடை வீங்கிய ஆட்டுக்குப் புண்ணாக்கு மட்டும் வைத்துக் காத்திருந்தால் அது செத்துப்போகும். ஆனால் நாள் குறித்து மந்தை முழுவதற்கும் ஊற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. தயாபென்டசோல் என்ற மருந்து 1961-இல் வந்தது, 1964-லேயே அதற்கு அசையாத ஹீமாங்கஸ் வந்தாகிவிட்டது. அப்புறம் வந்த லெவாமிசோல், ஐவர்மெக்டின் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். எல்லா ஆட்டுக்கும் ஊற்றினால் மருந்தைத் தாங்கிய புழு மட்டுமே அடுத்த தலைமுறையைப் போடும். சிலதை ஊற்றாமல் விட்டால், மருந்துக்குச் சாகக்கூடிய சாதுப் புழுக்களும் மேய்ச்சலில் கலந்துகொண்டே இருக்கும்.

எந்த ஆட்டை விடுவது? தென்னாப்பிரிக்காவில் கால்நடை மருத்துவர் பிரான்சுவா மலானின் யோசனையில் பிறந்த வண்ண அட்டை ஒன்று இருக்கிறது, ஃபமாச்சா என்று பெயர், அவர் பெயரிலிருந்து வந்ததுதான். ஆட்டின் கீழ் இமையைப் பிதுக்கி உள்நிறத்தை அட்டையிலுள்ள ஐந்து நிறங்களோடு ஒப்பிட வேண்டும். நல்ல சிவப்பு 1, வெளுத்துப்போனது 5. வெளுத்ததற்கு மட்டும் மருந்து. ஒரு மந்தையின் புழுக்களில் முக்கால்வாசி, கால்வாசி ஆடுகளுக்குள்தான் இருக்கும் என்பதால் இது வேலை செய்கிறது. ரத்தம் குடிக்காத புழுவை இது காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

இரண்டு மழைக்காலம் இப்படிப் பார்த்து எழுதி வைத்தால் எந்த ஆடு திரும்பத் திரும்ப வெளுக்கிறது, எது ஒரே மேய்ச்சலில் நின்றும் சிவப்பாகவே இருக்கிறது என்று தெரிந்துவிடும். கிழக்கு ஆப்பிரிக்காவின் சிவப்பு மாசாய் இனம் ஹீமாங்கஸைத் தாங்குவதற்குப் பேர்போனது. இந்தக் குணத்தில் ஒரு பங்கு பரம்பரையாக இறங்குவது. வெளுக்கிறதை அடுத்த சந்தைக்கு அனுப்பிவிட்டு, சிவந்த இமைக்காரியின் கிடாக்குட்டியைப் பொலிக்கு நிறுத்தலாம்.