எக்ஸ்பைரி தாண்டிய மாத்திரை: விதி எதுவரை பேசுகிறது?

அட்டையில் எக்ஸ்பைரி 08/2026 என்று இருந்தால் ஆகஸ்ட் பிறந்ததுமே அந்த மருந்தைத் தூக்கிப் போட்டுவிடுபவர்கள் உண்டு. அவசரமே இல்லை. மாதமும் வருடமும் மட்டும் அச்சடித்திருந்தால் அந்த மாதத்தின் கடைசி நாள் வரை கணக்கு, அதாவது ஆகஸ்ட் 31. சில மருந்துகளில் எக்ஸ்பைரி என்று போடாமல் "இந்த மாதத்துக்கு முன் பயன்படுத்தவும்" என்று இருக்கும். அப்படி இருந்தால் முந்தைய மாதம் முடிவதற்குள் தீர்த்துவிட வேண்டும் என்பதுதான் பிரிட்டனில் பொதுவாகச் சொல்லும் கணக்கு. ஒரே ஆகஸ்ட்தான், வாசகம் மாறினால் ஒரு மாதம் குறைகிறது.

சரி, அந்தத் தேதியை யார் முடிவு செய்கிறார்கள்? தயாரிக்கும் கம்பெனிதான். ஆனால் மனம்போன போக்கில் போட முடியாது, சோதனை முடிவுகளைக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் காட்டியாக வேண்டும். மருந்தை விற்கப்போகும் அதே அட்டையிலோ பாட்டிலிலோ அடைத்து, வெப்பமும் ஈரப்பதமும் மாறாத அறைக்குள் மாதக்கணக்கில், வருடக்கணக்கில் வைப்பார்கள். மிதமான பகுதிகளுக்கு 25 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம்; வெக்கையும் புழுக்கமுமான பகுதிகளுக்கு 30 டிகிரி, 75 சதவீதம். கூடவே 40 டிகிரியில் 6 மாதம் வாட்டி எடுக்கும் துரித சோதனை ஒன்றும் உண்டு. இடையிடையே எடுத்து அளந்து பார்ப்பார்கள்: லேபிளில் சொன்ன அளவு மருந்து இன்னும் இருக்கிறதா (பெரும்பாலும் 90 சதவீதத்துக்குக் கீழே போகக்கூடாது), சிதைந்து வேறு ஏதாவது உண்டாகியிருக்கிறதா, மாத்திரை வயிற்றில் கரைய வேண்டிய நேரத்தில் கரைகிறதா என்று.

இந்தச் சோதனையை இரண்டு மூன்று வருடம் நடத்திவிட்டு அதற்கேற்பத் தேதி போட்டுவிடுவார்கள். நான்காவது வருடம் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை, பார்த்து அவர்களுக்கு லாபமும் இல்லை. ஆக, "இதுவரைக்கும் நான் பொறுப்பு" என்று கம்பெனி கையெழுத்துப் போட்ட நாள் அது. அமெரிக்காவில் 1979 முதல் தேதி போடுவது கட்டாயம்.

விதி பிடிப்பது தயாரிப்பவரையும் விற்பவரையும்தான். தேதி தாண்டியதைக் கடைக்காரர் கொடுக்கக்கூடாது. வீட்டில் கிடப்பதை நீங்கள் விழுங்குவது பற்றி வருவது அறிவுரை, அந்த அறிவுரை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: வேண்டாம்.

ஆனால் அதே அரசாங்கங்கள் தங்கள் கிடங்கு என்று வரும்போது வேறு கணக்குப் போடுகின்றன, இதுதான் எனக்குச் சுவாரசியமாகப் படுகிறது. அமெரிக்க ராணுவம் குவித்து வைத்திருந்த மருந்துகள் தேதி முடிந்து வீணாவதைப் பார்த்து, 1986ல் அவற்றை மறுபடி சோதித்து ஆயுளை நீட்டிக்கும் திட்டம் ஒன்றைத் தொடங்கினார்கள். 2006ல் வெளிவந்த முடிவுப்படி 122 மருந்துகள், 3,005 தொகுதிகள் (பேட்ச்), அந்தத் தொகுதிகளில் 88 சதவீதம் குறைந்தது இன்னும் ஒரு வருடத்துக்குத் தாங்கின. சராசரி நீட்டிப்பு 66 மாதம்! இதைப் படித்துவிட்டு "பார்த்தாயா, எல்லாம் கம்பெனிக்காரன் தந்திரம்" என்று கிளம்புகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவை பிரிக்காத பெட்டியில், வெப்பம் கட்டுப்படுத்திய கிடங்கில் இருந்தவை, உங்கள் மாத்திரையோ அடுப்புக்கு மேல் அலமாரியில், குளியலறைக் கண்ணாடிக்குப் பின்னால், வெயிலில் நிறுத்திய காருக்குள் என்று ஊர் சுற்றி வந்தது. போதாததற்கு, ஒரே மருந்திலேயே ஒரு தொகுதி தாங்கியது, இன்னொன்று தாங்கவில்லை.

விஷமாகிவிடுமா என்ற பயம் பெரும்பாலும் தேவையில்லாதது. பழைய டெட்ராசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் சிதைந்து சிறுநீரகத்தைப் பாதித்ததாக 1963ல் வந்த மருத்துவ அறிக்கையைத்தான் இன்றுவரை எல்லோரும் உதாரணம் காட்டுகிறார்கள், அந்தத் தயாரிப்பு முறையும் பிறகு மாறிவிட்டது. உண்மையான ஆபத்து, மருந்து வேலை செய்யாமல் போவது. அதனால் எத்தனை நாள் தாண்டியது என்று எண்ணுவதை விட, இது வேலை செய்யாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்று கேட்பதே சரி என்பேன். போன மாதம் முடிந்த தலைவலி மாத்திரை கைவிட்டால் தலைவலி நீடிக்கும், அவ்வளவுதான். இன்சுலினோ, நெஞ்சுவலிக்கு நாக்கின் கீழ் வைக்கும் நைட்ரோகிளிசரினோ, வலிப்பு மாத்திரையோ, கருத்தடை மாத்திரையோ கைவிட்டால் அப்படி விட முடியுமா? ஆன்டிபயாடிக்கும் இந்த வரிசைதான், அரைகுறை வீரியம் கிருமியைக் கொல்லாமல் பழக்கிவிடும். இவற்றில் ஒரு நாள்கூடப் பேரம் வேண்டாம்.

ஒவ்வாமை முற்றி மூச்சுத் திணறும்போது போடும் அட்ரினலின் ஊசி மட்டும் விதிவிலக்கு. கையில் இருப்பது தேதி தாண்டிய ஒன்றே ஒன்று, மருந்து நிறம் மாறாமல் தெளிவாக இருக்கிறது என்றால், போட்டுவிட்டு ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். 2018ல் தட்டுப்பாடு வந்தபோது எபிபென் என்ற அட்ரினலின் ஊசியின் குறிப்பிட்ட சில தொகுதிகளுக்கு அமெரிக்கக் கட்டுப்பாட்டு அமைப்பே 4 மாதம் கூடுதலாகக் கொடுத்தது.

அப்புறம், திறந்த பிறகு ஓடும் இன்னொரு கடிகாரம். அச்சடித்த தேதி மூடி திறக்காத மருந்துக்கு மட்டும்தான். கண் சொட்டு மருந்து பலவற்றுக்குத் திறந்ததிலிருந்து 4 வாரம், அதற்கு மேல் கிருமி புகுந்துவிடலாம். பயன்பாட்டில் இருக்கும் இன்சுலின் பல வகைகளுக்கு 28 நாள். குழந்தைகளுக்கான ஆன்டிபயாடிக் பவுடரில் கோடு வரை தண்ணீர் ஊற்றிக் குலுக்கிவிட்டால் 7 முதல் 14 நாள்தான், அடியில் 2027 என்று போட்டிருந்தாலும். நான் மூடி திறந்த அன்றே தேதியை லேபிளில் பேனாவால் எழுதிவிடுவேன், ஞாபகத்தை நம்பினால் நடக்காது.

கண்ணுக்கும் மூக்குக்கும் சில தெரியும். ஆஸ்பிரின் பாட்டிலைத் திறந்ததும் வினிகர் வாடை அடித்தால் ஈரம் பட்டு உடைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம், தேதி பாக்கி இருந்தாலும் அது குப்பைக்குத்தான். ஒட்டிக்கொண்ட மாத்திரை, பிசுபிசுத்த கேப்சூல், தனித்தனியாகப் பிரிந்த களிம்பு எல்லாம் அதே கதை. பார்வைக்குப் புதிதாக இருப்பதால் வீரியம் இருக்கிறது என்று மட்டும் முடிவு கட்டாதீர்கள்.

வீசும்போது, திரும்ப வாங்கிக்கொள்ளும் ஏற்பாடு இருந்தால் அங்கே கொடுப்பது உத்தமம். இல்லையென்றால் அட்டையிலிருந்து பிரித்து, மண்ணோடோ காபித்தூள் சக்கையோடோ கலந்து, பையில் இறுக்கக் கட்டிக் குப்பையில் போடலாம். ஃபென்டனில் மாதிரி கடுமையான வலிநிவாரணிகளுக்கு விதி தனி, கொடுத்த மருந்தாளுநரையே கேளுங்கள். மாத்திரை அட்டையை வெட்டி வைக்கும் வழக்கம் இருந்தால் தேதி அச்சடித்த ஓரத்தைக் கடைசி வரை வெட்டாமல் விடுங்கள், எதிர்முனையிலிருந்து ஒவ்வொன்றாக எடுங்கள்.