நொய் அரிசியின் ஏற்ற இறக்கம்

நீரோட்டத்தை எதிர்த்து நீந்தத் தெரியாத மிதவை உயிரிகள் எப்படி இடம் மாறுகின்றன என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். தண்ணீர் போகிற பக்கம் போகின்றன என்று ஒரு வரியில் முடித்திருக்கலாம். ஆனால் வட அட்லாண்டிக்கில் கலானஸ் ஃபின்மார்கிக்கஸ் என்று ஒன்று இருக்கிறது. இறாலுக்குத் தூரத்துச் சொந்தம், நொய் அரிசி அளவுதான் உடம்பு. அதன் கதை அப்படி முடியாது.

வசந்தத்திலும் கோடையிலும் அது கடலின் மேல்மட்டத்தில் நுண்பாசியை மேய்கிறது. கண்ணாடி மாதிரி உடம்பு. உள்ளே மெழுகு போன்ற எண்ணெய் நிறைந்த நீளமான பை நுண்ணோக்கியில் பளிச்சென்று தெரியும். பை நிரம்பியதும் சாப்பாட்டை நிறுத்திவிட்டு, 500 மீட்டருக்கும் கீழே இறங்கி உறங்கப் போய்விடும்.

எனக்குப் பிடித்த இடம் இதுதான். ஸ்காட்லாந்துக்கு வடக்கே, ஃபாரோ தீவுகளுக்கும் ஷெட்லாந்து தீவுகளுக்கும் நடுவே, மேலே வெதுவெதுப்பான அட்லாண்டிக் நீர் வடகிழக்கே போகிறது. அடியில் நார்வே கடலின் உறைகுளிர் நீர் தென்மேற்கே வருகிறது. மேம்பாலத்தில் ஒரு திசை, கீழ்ச்சாலையில் எதிர்த்திசை! பக்கவாட்டில் நீந்த முடியாவிட்டால் என்ன, ஏறி இறங்கத் தெரிந்தால் போதுமே. குளிர்காலத்தில் கீழ்நீரோடு வந்து, வசந்தத்தில் மேலேறி, வடமேற்குக் காற்றும் கைகொடுத்தால், பிரிட்டனுக்கும் நார்வேக்கும் இடையிலுள்ள வட கடலுக்குள் போய்ச் சேரும். வட கடலின் சராசரி ஆழம் 100 மீட்டர்கூட இல்லை, அங்கே பதுங்க இடமில்லை. அதனால் ஆண்டுதோறும் வெளியிலிருந்து வந்தாக வேண்டும்.

1960களுக்குப் பிறகு அந்த அடிநீர் குறைந்தது, வசந்தக் காற்று மாறியது, கடலும் சூடானது. வட கடலில் தெற்கத்திப் பங்காளியான கலானஸ் ஹெல்கோலாண்டிகஸ் இடம்பிடித்தது. சரி, ஏதோ ஒன்று இருக்கிறதே என்றால், அது பெருகுவது கோடைக் கடைசியில். இவற்றைத் தின்று வளரும் காட் மீன் குஞ்சுகளுக்கோ வசந்தத்திலேயே பசி.

இதையெல்லாம் காட்டிக்கொடுத்தது பிரிட்டிஷ் கடலுயிரியலாளர் அலிஸ்டர் ஹார்டி உருவாக்கிய ஓர் உலோகப் பெட்டி. 1931 முதல் வணிகக் கப்பல்கள் அதைப் பின்னால் இழுத்துப் போகின்றன. இழுக்கிற வேகத்தில் சுழலி சுற்ற, உள்ளே பட்டுத்துணி மெல்ல நகர்ந்து, சிக்கியவற்றோடு ஃபார்மலினுக்குள் சுருண்டுகொள்ளும். பத்துக் கடல்மைலுக்குச் சுமார் பத்து சென்டிமீட்டர் பட்டு. இரண்டு பங்காளிகளையும் பிரித்தறிய, ஐந்தாம் ஜோடிக் காலின் உள்விளிம்புப் பற்களைப் பார்க்க வேண்டும். ஆய்வு நிதியில் கத்தி விழும்போது, அந்தக் காலைப் பார்த்து எண்ணுகிறவரின் சம்பளத்தில்தான் முதலில் கை வைப்பார்கள்.