பிண்ணாக்கில் ஒளிந்த பாம்பு

தாராசுரம் ஐராவதேசுவரர் கோயிலில் ஒரு சிற்பம். உடல் இரண்டு, தலை ஒன்றுதான். ஒரு பக்க உடலைக் கையால் மறைத்தால் யானை தெரியும், மறுபக்கத்தை மறைத்தால் காளை. கையை எடுத்துவிட்டு அந்தத் தலையை இரண்டாகவும் ஒரே சமயத்தில் பார்க்க முயன்று பாருங்கள், நடக்காது. யானையாக இருந்தது சட்டென்று காளையாகிவிடும்.

சிலேடை இதே வேலையைக் காதுக்குச் செய்கிறது.

"பூக்கடையில் மாலை வாங்கினேன்" என்று கேட்டதும் அந்திப்பொழுது யாருக்கும் நினைவுக்கு வராது என்றுதான் தோன்றும். ஆனால் நமக்கே தெரியாமல் அதுவும் வந்து போகிறது. டேவிட் ஸ்வின்னி என்ற உளவியலாளர் 1979இல் இதைச் சோதித்துக் காட்டினார். ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. ஒட்டுக்கேட்கும் கருவிக்கும் அதுதான் பெயர். சிலந்தி, கரப்பான் என்று பூச்சிகளைப் பற்றியே போகும் வாக்கியத்தில் அந்தச் சொல் காதில் விழும் கணத்தில், திரையில் வேறொரு சொல்லைக் காட்டினார். அது உண்மையான சொல்லா இல்லையா என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான். 'எறும்பு' வந்தால் பதில் வேகமாக வந்தது. சரி, எதிர்பார்த்ததுதான். 'உளவாளி' வந்தாலும் அதே வேகம்! மூன்று அசை தள்ளிக் காட்டியபோதோ, எறும்புக்கு மட்டும்தான் அந்த வேகம். ஆக, மூளை எல்லாப் பொருளையும் முதலில் அள்ளிக்கொண்டு வருகிறது. பொருந்தாததை ஏறக்குறைய ஒரு நொடிக்குள் குப்பைக்கூடையில் போட்டுவிடுகிறது.

அந்தக் கூடைக்குள் கையை விட்டவர் காளமேகப் புலவர். எள்ளும் பாம்பும் ஒன்று என்று சாதிக்கும் அவருடைய வெண்பாவில், "ஆடிக் குடத்தடையும்" என்று ஆரம்பிக்கிறார். எள் செக்கில் ஆடி எண்ணெயாகக் குடத்துக்குள் போகிறது. பாம்பு படமெடுத்து ஆடிவிட்டுத் தன் குடத்துக்குள் போகிறது. இங்கே சொல்லை உடைக்க வேண்டியதில்லை, அதனால் இலக்கணத்தில் இது செம்மொழிச் சிலேடை. ஆனால் எனக்குப் பிடித்தது பின்னால் வரும் "பிண்ணாக்கும் உண்டாம்" தான். எள்ளுக்குச் செக்கில் மிஞ்சும் பிண்ணாக்கு. பாம்புக்கோ பிள் + நாக்கு, அதாவது பிளந்த நாக்கு. தெள் + நீர் தெண்ணீர் ஆகிறதே, அதே புணர்ச்சி விதிதான். மாட்டுக்கு வைக்கும் தீனிக்குள் ஒரு பாம்பின் வாய் திறந்து நிற்கிறது. இப்படி உடைத்துப் பார்க்க வைப்பது பிரிமொழிச் சிலேடை.

இதை இந்திக்குக் கொண்டுபோனால் என்ன ஆகும்? பிண்ணாக்கு அங்கே 'கலீ', நாக்கு 'ஜீப்'. இரண்டுக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. மொழிபெயர்ப்பாளர் அடிக்குறிப்பு போட்டு விளக்கலாம், ஆனால் விளக்கிய சிலேடைக்கு யாரும் சிரிப்பதில்லை. அதைவிட எள்ளை மறந்துவிட்டு, பாம்போடு இந்தியில் எது தற்செயலாக ஒலியில் ஒட்டுகிறதோ அதைத் தேடிப் புதிதாக ஒன்று கட்டுவதே மேல் என்பேன்.

மலையாளத்துக்குப் போகிறவருக்குப் பாதி வேலை மிச்சம். அங்கே பிண்ணாக்கு பிண்ணாக்கேதான், நாக்கும் நாக்குதான்.